11 விநாடி பறந்த பொம்மை

ரப்பர் பேண்டை முறுக்கிவிட்டால் பறக்கும் பொம்மை விமானத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் விசிறியை விரலால் சுற்றிச் சுற்றி முறுக்கேற்றிக் கையை விட்டால் போதும். விர்ர்ரென்று கிளம்பிவிடும். பெட்ரோல் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம்!

இந்த ரப்பர் விமானத்தை உலகுக்குக் கொடுத்தவர் 21 வயதே ஆன ஓர் இளைஞர். பெயர் அல்போன்ஸ் பெனோ. பிரான்ஸ் நாட்டுக்காரர். 30 வருடங்கள்தான் வாழ்ந்தார். வானத்தில் ஒருமுறைகூட விமானம் ஓட்டியதில்லை. ஆனாலும் விமானத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் இவர் பெயரை விட்டுவிடுவதில்லை. ஏன் தெரியுமா? வாருங்கள், பார்க்கலாம்.

கப்பல் கனவு கலைந்தது

பெனோ 1850-ம் ஆண்டு மே 31-ம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார். அப்பா பிரெஞ்சுக் கடற்படையில் அட்மிரல். அதாவது, பெரிய தளபதி. அப்பாவைப் போலவே கப்பலில் போக வேண்டும், கடற்படை வீரனாக வேண்டும் என்பதுதான் மகனின் ஆசை.

ஆனால், பெனோவுக்கு இடுப்பு மூட்டில் நோய் வந்துவிட்டது. நடமாடுவதே சிரமம் ஆனது. அப்படிப்பட்டவரைக் கடற்படையில் சேர்ப்பார்களா? கப்பல் கனவு கலைந்தது.

நாமாக இருந்தால் சோர்ந்து போய் உட்கார்ந்திருப்போம். பெனோவும் உட்கார்ந்தார், ஆனால் மேஜை முன்னால்! கடலில் போக முடியாவிட்டால் என்ன, காற்றில் போவது எப்படி என்று யோசிக்கத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் மனிதன் வானத்தில் போனது பலூனில்தான். 1870-ல் ஜெர்மானியப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது, கடிதங்களை வெளியே அனுப்பப் பலூன்களைத்தான் பறக்கவிட்டார்கள். பலூனில் ஒரு தொல்லை உண்டு. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ, அந்தப் பக்கம்தான் போகும். நாம் நினைத்த ஊருக்குப் போகாது!

காற்றைவிடக் கனமான ஓர் இயந்திரம், நாம் சொன்ன திசையில் பறக்க வேண்டும். அதற்கு வழி உண்டா? இதுதான் பெனோவின் கேள்வி.

முறுக்கிய ரப்பர்

பெனோவுக்கு முன்பும் பறக்கும் பொம்மைகள் இருந்தன. 1784-ல் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் பறவை இறகுகளை விசிறிபோலச் செருகி ஒரு பொம்மை செய்தார்கள். வில்லின் நாண் கயிறு அதைச் சுழற்றும். பொம்மை மேலே எழும்பும். ஆனால் வில்லின் வேகம் சட்டென்று தீர்ந்துவிடும்.

பெனோ வில்லைத் தூக்கிப் போட்டார். அதற்குப் பதிலாக ரப்பர் இழைகளை எடுத்து முறுக்கினார். முறுக்கிய ரப்பர் தன் பழைய நிலைக்குத் திரும்பத் துடிக்கும் அல்லவா? அந்தத் துடிப்பு விசிறியைச் சுழற்றும். எடையோ மிகக் குறைவு. விலையும் மலிவு. எத்தனை முறை வேண்டுமானாலும் மறுபடி முறுக்கிக்கொள்ளலாம்.

1870-ல் இந்த முறையில் ஒரு குட்டி ஹெலிகாப்டர் செய்தார். மேலே ஒரு விசிறி, கீழே ஒரு விசிறி. இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றும். ஏன் இரண்டு? ஒரே விசிறி இருந்தால், அது ஒரு பக்கம் சுற்ற, பொம்மையின் உடல் மறுபக்கம் சுற்றத் தொடங்கிவிடும். எதிரெதிராகச் சுற்றினால் ஒன்றின் திருகலை இன்னொன்று சரிக்கட்டிவிடும். பொம்மை ஜம்மென்று மேலே போனது.

இரண்டு சவரன் எடை!

அடுத்த வருடம் பெனோ செய்ததுதான் பெரிய சாதனை. அதற்கு அவர் வைத்த பெயர் பிளானோபோர்.

ஒரு மெல்லிய குச்சி. அதன் நீளம் 50 சென்டிமீட்டர். அதன் குறுக்கே இறக்கை, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 45 சென்டிமீட்டர். குச்சியின் அடியில் முறுக்கிய ரப்பர். பின்னால் வால். அதற்கும் பின்னால் விசிறி. மொத்த எடை எவ்வளவு தெரியுமா? வெறும் 16 கிராம். அதாவது, இரண்டு சவரன் தங்கத்தின் எடை! அதிலும் ரப்பர் மட்டுமே 5 கிராம்.

1871-ம் ஆண்டு ஆகஸ்ட் 18-ம் தேதி. பாரிஸில் உள்ள துய்லரி பூங்கா. அந்த வருடம் மே மாதம் நடந்த உள்நாட்டுக் கலவரத்தில், பூங்காவை ஒட்டியிருந்த அரண்மனை எரிந்து கரிந்து போயிருந்தது. அந்தப் பூங்காவில் வான்பயண ஆய்வில் ஈடுபட்டிருந்த அறிஞர்கள் கூடியிருந்தார்கள். பெனோ ரப்பரை முறுக்கினார், கையை விட்டார்.

பிளானோபோர் பறந்தது! 11 விநாடிகள். சுமார் 40 மீட்டர் தூரம். கவிழவில்லை, குப்புற விழவில்லை. யாரும் ஓட்டாமல், தானே நிலையாகப் பறந்து, பதமாகத் தரையிறங்கியது.

கவிழாமல் பறந்த ரகசியம்

11 விநாடி என்ன பெரிய விஷயம் என்று கேட்கிறீர்களா? அதற்கு முன் பலரும் இறக்கை கட்டிப் பார்த்தார்கள். காற்றில் போனதும் அவை மூக்கைத் தரையில் குத்தும், அல்லது மல்லாக்கக் கவிழும். பெனோவின் பொம்மை ஏன் கவிழவில்லை? அவர் இரண்டு காரியங்கள் செய்திருந்தார்.

ஒன்று, இறக்கைகளின் நுனிகளை மேல்நோக்கி வளைத்தார். விமானம் இடப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கமே சறுக்கத் தொடங்கும். அப்போது தாழ்ந்த இறக்கையின் மேல் காற்று அதிகமாக மோதி அதைத் தூக்கிவிடும். சாய்ந்த விமானம் நிமிர்ந்துவிடும்.

இரண்டு, பின்னால் ஒரு சிறிய வால் வைத்து, அதை இறக்கையைவிடச் சற்றுக் கீழ்நோக்கிய கோணத்தில் பொருத்தினார். விமானம் மூக்கைத் தாழ்த்தினால் வேகம் கூடும். வேகம் கூடினால் காற்று வாலைக் கீழே அழுத்தும். வால் கீழே போனால் மூக்கு மேலே வரும். தராசு தானே சமன் ஆவதுபோல!

இன்று வானில் போகும் பயணிகள் விமானத்தைப் பாருங்கள். இறக்கைகள் நுனியை நோக்கிச் சற்று உயர்ந்திருக்கும். பின்னால் சிறிய வால் இருக்கும். பெனோவின் 16 கிராம் பொம்மையில் இருந்த அதே அமைப்பு!

காகிதத்திலேயே நின்ற விமானம்

அடுத்த சில ஆண்டுகளில், இறக்கையடித்துப் பறக்கும் ரப்பர் பறவையையும் செய்தார் பெனோ. ஆனால் அவருடைய கண் பொம்மையோடு நிற்கவில்லை. மனிதர்கள் ஏறிப் போகும் விமானம் வேண்டும்.

1876-ல் பால் கோஷோ என்ற மெக்கானிக்குடன் சேர்ந்து, பெரிய விமானம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு பேர் உட்காரலாம். தண்ணீரிலும் இறங்கும், தரையிலும் இறங்கும். முன்னால் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறிகள். ஓட்டுபவருக்குக் கண்ணாடிக் கூண்டு. பறக்கும்போது சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு பிடியை அசைத்து மேலே, கீழே, இடம், வலம் திருப்பலாம். இவை எல்லாம் பிற்காலத்து விமானங்களில் வந்தவை. பெனோ இவற்றை 1876-லேயே வரைந்துவிட்டார்!

ஆனால், அந்த விமானம் கட்டப்படவே இல்லை. பணம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. கொடுத்திருந்தாலும் அதைத் தூக்கும் எஞ்சின் அன்று கிடையாது. இருந்தவை பெரும்பாலும் கனமான நீராவி எஞ்சின்கள்தான். சிலர் கேலி பேசினார்கள். நோயோ விடவில்லை.

பெனோ மனம் உடைந்து போனார். தன் உழைப்பெல்லாம் வீண் என்று நம்பத் தொடங்கினார். நம்பிக்கை முழுவதையும் இழந்த நிலையில், 1880-ம் ஆண்டு அக்டோபரில் அவர் வாழ்க்கை முடிந்துபோனது. அப்போது அவருக்கு வயது 30.

குட்டீஸ், இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எவ்வளவு அறிவாளியாக இருந்தாலும், மனதில் பாரம் ஏறினால் தனியாகச் சுமக்கக் கூடாது. அம்மா, அப்பா, டீச்சர் என நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். வீண் என்று நாம் நினைப்பது வீணாக இல்லாமலும் இருக்கலாம். பெனோவின் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது!

அவருக்குத் தெரியாமலே போனது

பெனோ இறப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1878-ல், கடல் கடந்து அமெரிக்காவில் ஒரு சம்பவம். அயோவா மாநிலத்தின் சிடார் ராப்பிட்ஸ் நகரில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் வீட்டுக்கு வந்தார். கையில் எதையோ மறைத்து வைத்திருந்தார். தன் மகன்கள் முன்னால் அதை மேலே வீசினார். அது கீழே விழாமல் கூரைக்குப் பறந்து, அங்கே மோதிப் படபடத்து, பிறகுதான் தரைக்கு வந்தது.

பெனோவின் முறையில் செய்யப்பட்ட ரப்பர் ஹெலிகாப்டர் பொம்மை! கார்க்கும் மூங்கிலும் சேர்த்துச் செய்து, மேலே காகிதம் ஒட்டியது. வாயைப் பிளந்து பார்த்த சிறுவர்கள் 11 வயது வில்பர், 7 வயது ஆர்வில். ஆம், ரைட் சகோதரர்களேதான்! அதிலும் ஓர் ஆச்சரியம். ஆர்வில் பிறந்தது 1871 ஆகஸ்ட் 19. பாரிஸ் பூங்காவில் பிளானோபோர் பறந்ததற்கு மறுநாள்!

சிறுவர்கள் அந்தப் பொம்மைக்கு வௌவால் என்று பெயர் வைத்தார்கள். அது உடைந்ததும் தாங்களே புதிது செய்தார்கள். பிறகு இன்னும் பெரிதாகச் செய்தார்கள். பெரிதாக ஆக ஆக அது பறக்க மறுத்தது. ஏன் என்று அப்போது புரியவில்லை. நீளத்தை இரண்டு மடங்கு ஆக்கினால், அதைப் பறக்க வைக்க எட்டு மடங்கு சக்தி தேவை என்பது பின்னால்தான் தெரிந்தது.

1899-ல் வில்பர், பறப்பது பற்றிய நூல்கள் கேட்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அதில், சிறுவயதில் தான் செய்த பொம்மைகளைப் பற்றிச் சொல்லும்போது இரண்டு பேரைக் குறிப்பிட்டார். ஒருவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலி. இன்னொருவர் பெனோ. அப்போது பெனோ இறந்து ஏறத்தாழ 19 வருடங்கள் ஆகியிருந்தன.

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் ஆர்வில்லைச் சுமந்துகொண்டு முதன்முதலாகப் பறந்தது. எவ்வளவு நேரம்? 12 விநாடிகள். தூரம் 120 அடி, அதாவது சுமார் 37 மீட்டர். பெனோவின் பொம்மை பறந்ததோ 11 விநாடி, 40 மீட்டர். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

நீங்களும் செய்யலாம்

ரப்பர் விமானம் செய்வது இன்று உலகம் முழுவதும் ஒரு கலை. இதற்குப் பால்சா என்ற மரத்தைப் பயன்படுத்துகிறார்கள். மத்திய, தென் அமெரிக்காவில் வளரும் மரம். தேக்கு மரத்தின் எடையில் நான்கில் ஒரு பங்குதான் இருக்கும்.

பால்சா குச்சிகளால் இறக்கைக்கு எலும்புக்கூடு செய்கிறார்கள். அதன்மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத்தை ஒட்டுகிறார்கள். பிறகு தண்ணீரைப் புகைபோலத் தெளிக்கிறார்கள். காயும்போது காகிதம் சுருங்கி, மிருதங்கத்தின் தோல்போல விறைப்பாகிவிடும். காயும்வரை இறக்கையைப் பலகையில் குண்டூசியால் பிடித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் சுருங்கும் காகிதம் இறக்கையையே முறுக்கிவிடும். முறுக்கிய இறக்கை நேராகப் பறக்காது. பசையும் சொட்டுச் சொட்டாகத்தான். ஒவ்வொரு சொட்டும் எடை அல்லவா?

அரங்குக்குள் நடக்கும் உலகப் போட்டிகளில், ரப்பர் நீங்கலாக 2 கிராம்கூட இல்லாத விமானங்கள் ஏறத்தாழ அரை மணி நேரம் மிதக்கின்றன. இவற்றிலும் இருப்பது பெனோவின் அதே முறுக்கிய ரப்பர்தான்!

பால்சா இல்லையா? கவலை வேண்டாம். பழைய நோட்டுத் தாளில் ஒரு காகித விமானம் மடியுங்கள். இறக்கை இரண்டும் சற்று மேல்நோக்கி இருக்கட்டும். முதலில் அப்படியே விடுங்கள். பிறகு இறக்கையின் பின் ஓரத்தைத் துளி மேலே மடித்து மறுபடி விடுங்கள். மூக்கைக் குத்திய விமானம் இப்போது நிமிர்ந்து போகும். மேலே ஏறி ஏறி விழுந்தால் மடிப்பைக் கொஞ்சம் குறையுங்கள்.

இதே சமன் கணக்கைத்தான் 150 வருடங்களுக்கு முன்பே பாரிஸ் பூங்காவில் செய்து காட்டினார் பெனோ. என்ன குட்டீஸ், தாளை எடுத்துவிட்டீர்களா?