ஜார்ஜ் பலபுஷ்கா: பூல் ஆட்டக்காரர்கள் கொண்டாடும் இந்த 'க்யூ' கைவினைஞர் யார்?

பூல் ஆடுற இடத்துக்குப் போனா சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் குச்சிகளில் ஒன்றை எடுத்து ஆடத் தொடங்கிவிடுவோம். நம்மைப் பொறுத்தவரை எல்லாமே ஒரே குச்சிதான். ஆனா அமெரிக்காவில் ஒருவர் கையால் செய்த க்யூக்களை, அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகியும் பல ஆயிரம் டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். அவர் பெயர் ஜார்ஜ் பலபுஷ்கா. வயலினுக்கு ஸ்ட்ராடிவேரியஸ் எப்படியோ, க்யூவுக்கு இவர் அப்படி.

பொம்மையில் தொடங்கிய கை

1912 டிசம்பர் 9-ம் தேதி ரஷ்யப் பேரரசில் பிறந்தவர். இயற்பெயர் கிரிகோரி. 1924-ல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்து நியூயார்க்கில் குடியேறினார். தச்சு வேலைதான் பிழைப்பு. குழந்தைகளுக்கான மரப் பொம்மைகள், ஃபர்னிச்சர் செய்துகொண்டிருந்தார். ஒரு விபத்தில் ஒரு விரலையே இழந்தார். அதுக்காக உட்கார்ந்துவிடவில்லை. தனக்கு வேண்டிய செயற்கை விரலைத் தானே செய்து மாட்டிக்கொண்டார். அது நிஜ விரல் இல்லை என்பதே பலருக்குத் தெரியாதாம்.

பூல் மேல் அவருக்குப் பெரிய ஈடுபாடு. 1959-ல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து புரூக்ளினில் ஒரு பூல் ஹால் வாங்கினார். அங்கே உடைந்த க்யூக்களைச் சரிசெய்து கொடுத்தார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு நண்பர்களுக்குப் பரிசாகச் சில க்யூக்கள் செய்தார். அதைப் பார்த்தவர்கள் எனக்கும் ஒண்ணு வேணும் என்று வரிசை கட்ட, பொழுதுபோக்கு தொழிலாக மாறியது. 1961-ல் 'தி ஹஸ்ட்லர்' படம் வந்து அமெரிக்காவில் பூல் மோகம் திரும்பிய நேரம் அது. சொந்த க்யூவோடு வரும் ஆட்டக்காரர்கள் பெருகினார்கள்.

அப்படி என்ன செய்தார்?

ஒரு சுவாரஸ்யமான விஷயம்: பல க்யூக்களின் அடிப்பகுதியை அவர் மரத்துண்டிலிருந்து தொடங்கவில்லை. பிரன்ஸ்விக் நிறுவனத்தின் 'டைட்லிஸ்ட்' என்ற ஒற்றைத் துண்டு க்யூக்களை வாங்கி வெட்டி, அதையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார். வெளிர் மேப்பிள் மரமும் கருமையான கடின மரமும் கூர்முனைகளாக ஒன்றுக்குள் ஒன்று கோக்கப்பட்டிருக்கும் க்யூ அது. பின்னாளில் சிகாகோவின் பர்ட்டன் ஸ்பெயின், பென்சில்வேனியாவின் கஸ் ஸாம்போட்டி ஆகியோர் செய்துகொடுத்த கோப்புத் துண்டுகளைப் பயன்படுத்தினார்.

அப்போ இவர் வேலை என்ன? மீதி எல்லாமே. கடைசலில் வைத்துச் சரியான சரிவுக்குக் கடைவது, எடையைச் சமன் செய்வது, பிடிக்கு ஐரிஷ் லினன் நூலோ தோலோ சுற்றுவது, அலங்கார வளையங்கள் பதிப்பது, கடின மேப்பிளில் முன்தண்டு செய்வது. எல்லாத்துக்கும் மேல், இரண்டு பாதியையும் இணைக்கும் மூட்டு.

மூட்டில் என்ன இருக்கு?

க்யூவின் பின்பாதியிலிருந்து ஒரு திருகு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும். முன்தண்டை அதில் திருகி மாட்டணும். பலபுஷ்கா பெரும்பாலும் பயன்படுத்தியது 5/16 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 14 மரைகளும் கொண்ட ஊசி. சுற்றி துருப்பிடிக்காத எஃகு வளையம். முன்தண்டின் அடியில் இருக்கும் சிறு குமிழ் அந்த வளையத்துக்குள் இறுக்கமாக உட்காரும்.

எஃகு கனமானது. அதனால் க்யூவின் எடை சற்று முன்னால் நகரும். அடி 'நறுக்'கென்று கைக்குத் தெரியும் என்பார்கள். மரமும் மரமும் நேரடியாகத் தொடும் மூட்டில் அதிர்வு மென்மையாக இருக்கும் என்பது ஆட்டக்காரர்கள் கருத்து. எது சிறந்தது என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

இதில் இயற்பியலும் இருக்கு. க்யூ முனை பந்தைத் தொட்டிருப்பது ஏறக்குறைய ஒரு மில்லி விநாடிதான். அதிர்வு கைக்கு வந்து நாம் உணரும்போது பந்து கிளம்பிப் போயிருக்கும். அதாவது, அந்த உணர்வு அடிச்ச அடியை மாத்தாது. ஆனா அடி எப்படி விழுந்தது என்று கைக்குச் செய்தி சொல்லும். ஒவ்வொரு முறையும் அந்தச் செய்தி ஒரே மாதிரி வந்தால்தான் அடுத்த அடியை நம்பி அடிக்க முடியும். அதுக்கு மரம் காய்ந்திருக்கணும், கோப்பில் இடைவெளி இருக்கக் கூடாது, மூட்டு ஆடக் கூடாது. பலபுஷ்காவின் பெயர் நின்றது இந்தத் துல்லியத்தில்தான்.

பெயர் போடாதவர்

சுமார் 16 ஆண்டுகளில் அவர் செய்தது ஏறக்குறைய 1,000 முதல் 1,200 க்யூக்கள். 1975 டிசம்பர் 5-ம் தேதி, 63-வது பிறந்தநாளுக்கு 4 நாள் முன்பு இறந்தார்.

பூல் உலகத்துக்கு வெளியே அவர் பெயர் பரவியது அதுக்கு 11 வருஷம் கழித்து. மார்ட்டின் ஸ்கார்செஸி இயக்கிய 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பால் நியூமன், டாம் குரூஸுக்கு ஒரு பலபுஷ்கா க்யூவைக் கொடுப்பார். ஆனா திரையில் நாம் பார்ப்பது அவர் செய்ததே இல்லை. பலபுஷ்கா போலத் தோற்றமளித்த 'ஜாஸ்' நிறுவன க்யூ அது!

இதுதான் இன்றைய சிக்கலும். தன் க்யூக்களில் பெரும்பாலும் அவர் கையெழுத்தே போட்டதில்லை. விலை ஏறியதும் போலிகள் கிளம்பின. இப்போது வாங்குபவர்கள் வளைய வடிவம், மூட்டு, கோப்பு என ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அசலா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கு. மூலத்துண்டே வேறொருவர் செய்தது என்பதால் கூர்முனைகளை மட்டும் வைத்துச் சொல்லிவிடவும் முடியாது.

2004-ல் அமெரிக்க பில்லியர்ட் காங்கிரஸின் புகழ் அரங்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. பெரிய போட்டிகளை வென்றதற்காக இல்லை. வென்றவர்கள் கையில் இருந்த குச்சியைச் செய்ததற்காக.