உழைப்போரின் குரல் கேட்ட கலைஞர்

திரைப்படம் என்றதும் நடிகர் நடிகையரே நம் நினைவுக்கு வருகின்றனர். ஆனால் எளிய உழைப்பாளிகளையே திரையில் காட்டிய பெருமை ஹம்ப்ரி ஜென்னிங்ஸைச் சாரும்.

1907இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், கேம்பிரிட்ஜில் இலக்கியம் பயின்றார். கவிதையும் ஓவியமும் வளர்த்தார். 1934இல் தபால் இலாகாவின் படப்பிரிவில் சேர்ந்தார். போர்க்காலத்தில், 1942இல், 'பிரிட்டனைக் கேளுங்கள்' என்னும் இருபது நிமிடச் செய்திப்படத்தை உருவாக்கினார். காட்சிகளுக்கு விளக்கவுரை இல்லை. ஆலையில் பாடும் பெண்கள், பள்ளி முற்றத்தில் ஆடும் குழந்தைகள், ஓடும் இரயில் ஆகியவற்றின் ஒலிகளே பேசின. மறு ஆண்டு, லண்டன் குண்டுவீச்சில் தீயணைத்த வீரர்களையே நடிக்கச் செய்து மற்றொரு படம் தந்தார்.

1950இல் கிரேக்க நாட்டின் போரோஸ் தீவில் படப்பிடிப்புக்கு இடம் தேடுகையில் பாறையிலிருந்து தவறி விழுந்து, 43ஆம் வயதில் மறைந்தார்.

நமக்காக உழைப்போரின் குரலுக்கு நாமும் செவிசாய்ப்போமாக!