பயணிகள் வருமுன் பறந்தவர்: ஜே.ஆர்.டி. டாட்டா

டாட்டா என்ற பெயரை இரும்பாலையோடும் மோட்டார் வண்டியோடும் சேர்த்துப் பார்ப்பதே நம் வழக்கம். அந்தக் குடும்பத்தில் பிறந்த ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டாவோ தம் மனத்தை விமானத்திடமே கொடுத்திருந்தார். விமான நிறுவனங்களின் ஏற்ற இறக்கத்தை அறிய விரும்பும் மாணவர்கள், பொருளியல் நூல்களைப் புரட்டுவதற்கு முன் இவருடைய வாழ்க்கையைப் படிக்கலாம். பயணி எங்கிருந்து வருவார், எப்போது வராமற்போவார் என்ற கேள்வியோடு இவர் 1932 முதல் 1978 வரை, 46 ஆண்டுகள் மல்லுக்கட்டினார்.

ஜே.ஆர்.டி. 1904 ஜூலை 29ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை பார்சி இனத்தவர்; தாய் சூசான் பிரெஞ்சுப் பெண்மணி. விடுமுறையைக் கழிக்கக் குடும்பம் வட பிரான்சின் கடற்கரை ஊர் ஒன்றுக்குச் செல்லும். 1909இல் ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த லூயி பிளேரியோவுக்கும் அங்கே ஒரு வீடு இருந்தது. அந்தக் கடற்கரையில் விமானம் இறங்குவதைப் பார்த்த சிறுவனுக்கு அப்போதே ஆசை பிறந்துவிட்டது. 1929 பிப்ரவரி 10ஆம் நாள், தம் 24ஆம் வயதில், இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தைப் பெற்றார்.

இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்தார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார், ஆஸ்பி என்ஜினியர் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்தார். எகிப்தில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்து நின்ற ஆஸ்பிக்கு ஜே.ஆர்.டி. தம்மிடமிருந்ததைக் கொடுத்தார். பரிசு சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பிக்குப் போயிற்று. அவர் பின்னாளில் இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதியானார்.

அக்காலத்தில் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன் கடிதங்களைக் கராச்சி வரை கொண்டு வந்தது. அங்கிருந்து தெற்கே அவை இரயிலில்தான் போக வேண்டும். இந்த இடைவெளியைக் கண்டவர் நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானி. அவருடைய திட்டத்தை ஜே.ஆர்.டி. ஏற்றார். அரசு மானியம் தர மறுத்ததால், மானியமே இல்லாமல் அஞ்சல் ஒப்பந்தத்தைப் பெற்றுத் தொடங்கினார்கள். 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. புஸ் மோத் எனும் சிறு விமானத்தைக் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹுவுக்கு ஓட்டி வந்தார். அகமதாபாத்தில் எரிபொருள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தது. பம்பாயிலிருந்து வின்சென்ட் கடிதங்களைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு போனார். முதல் ஆண்டில் மொத்தம் 155 பயணிகள்தாம். இன்று ஒரே விமானத்தில் அதற்கும் அதிகமானோர் ஏறுகிறார்கள்! ஆயினும் நட்டம் இல்லை. ஆட்கள் பறக்க அஞ்சிய காலத்தில் கடிதங்கள் சோறு போட்டன.

போருக்குப் பின் நிலைமை தலைகீழானது. போரில் பயன்பட்ட டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. அரசும் கேட்டவர்க்கெல்லாம் உரிமம் வழங்கியது. பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் முளைத்தன. பயணிகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. இது இரண்டு மூன்று நிறுவனங்களைத் தாங்கக்கூடிய சந்தைதான் என்று ஜே.ஆர்.டி. எச்சரித்தது வீணாயிற்று. பல நிறுவனங்கள் நட்டத்தில் விழுந்தன. அதைக் காரணம் காட்டி அரசு 1953இல் எல்லாவற்றையும் தேசியமயமாக்கியது. எச்சரித்தவருடைய நிறுவனமும் அதில் போனது. இது நியாயமா என்று கேட்டால், எனக்கு இல்லை என்றே தோன்றுகிறது.

அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, அரசோடு கூட்டுச் சேர்ந்து அவர் ஏர் இந்தியா இன்டர்நேஷனலைத் தொடங்கியிருந்தார். 1948 ஜூன் 8ஆம் நாள் மலபார் பிரின்சஸ் என்ற விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனிவா வழியாக லண்டனுக்குப் பறந்தது. 1953க்குப் பிறகும் அவரே ஊதியமின்றித் தலைவராக நீடித்தார். விமானத்தில் ஏறினால் தேநீரின் நிறத்தையும் கழிப்பறையின் தூய்மையையும் பார்த்துக் குறிப்பு எழுதுவார். இது வெறும் குணம் மட்டுமன்று. அன்று அனைத்துலகக் கட்டணங்களை ஐயாட்டா சங்கத்தில் நிறுவனங்கள் கூடியே நிர்ணயித்தன. 1958இல் அதன் தலைவராகவும் ஜே.ஆர்.டி. இருந்தார். கட்டணத்தைக் குறைத்துப் பயணியை இழுக்க முடியாது. உபசரிப்பால்தான் இழுக்க முடியும்.

இனி நம் பக்கம் வருவோம். ஏர் இந்தியா 1954இல் சிங்கப்பூருக்குப் பறக்கத் தொடங்கியது. ஆனால், ஜொகூர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய நம்மவர்கள் அதில் ஏறவில்லை. அவர்களுக்கு ரஜூலா கப்பலின் மேல்தளம்தான். நாகப்பட்டினத்தில் ஏறிச் சிங்கப்பூரில் இறங்கிப் பாலத்தைக் கடந்து வந்தார்கள். குளுவாங் பக்கம் வந்து சேர்ந்த என் கொள்ளுத்தாத்தாவும் அப்படித்தான் வந்தாராம். ரஜூலாவுக்குப் பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985இல் தீப்பிடித்தபோதுதான் அந்தக் கடல்வழி முடிவுக்கு வந்தது. ஏர் இந்தியாவின் புகழைப் பேசும்போது, அதன் பயணச்சீட்டு யாருக்கு எட்டியது என்பதையும் நாம் பார்க்க வேண்டும். 2003இல் ஏர் ஏசியா நம் செனாயில் தன் இரண்டாம் தளத்தை அமைத்தபோது வந்த கூட்டம், ஜே.ஆர்.டி. காலத்தில் கப்பலுக்கும் இரயிலுக்கும் உரிய கூட்டம்.

1960இல் போயிங் 707 வந்தது. 1962இல் ஏர் இந்தியா முழுக்க ஜெட் விமானங்களையே கொண்ட நிறுவனமாயிற்று. 1971இல் போயிங் 747 வந்தது. ஒரே விமானத்தில் முந்நூறுக்கு மேற்பட்ட இருக்கைகள். அவற்றை நிரப்பியாக வேண்டும். இரண்டே ஆண்டில் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. விந்தை என்னவென்றால், செலவை ஏற்றிய அதே எண்ணெய்தான் வளைகுடாவில் வேலைகளை உண்டாக்கிப் புதிய பயணிகளையும் தந்தது. கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் தொழிலாளர்கள் விமானம் ஏறினார்கள். அரண்மனை உபசரிப்புக்குப் பெயர்பெற்ற மகாராஜா சின்னத்தின் கீழ், மாதச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் அமர்ந்தார்கள்.

1978 புத்தாண்டு நாளில் அந்த முதல் 747 பம்பாய்க் கடலில் விழுந்து 213 பேர் மாண்டனர். அடுத்த மாதமே மொரார்ஜி தேசாய் அரசு ஜே.ஆர்.டி.யைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. அச்செய்தியை அவர் தமக்குப் பின் வரவிருந்தவர் வாயிலாகத்தான் அறிந்தார். 1980இல் இந்திரா காந்தி அவரை நிர்வாகக் குழுவில் சேர்த்தார், தலைமை திரும்பவில்லை.

1982இல், 78 வயதில், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் சிறு விமானத்தை ஓட்டி வந்தார். 1992இல் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1993 நவம்பர் 29ஆம் நாள் ஜெனிவாவில் காலமானார்; பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டார். 2020இல் தொற்றுநோய் வந்து உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றன. கடனில் மூழ்கியிருந்த ஏர் இந்தியாவை இந்திய அரசு 2022 ஜனவரி 27ஆம் நாள் டாட்டா குழுமத்திடமே திருப்பிக் கொடுத்தது.