குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்த பேராசிரியர்

கருவுற்ற தாயொருவர் கிளினிக்கிலிருந்து வீடு திரும்புகிறார். அவர் கையில் இரத்தப் பரிசோதனை முடிவு இருக்கிறது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு டவுண் சின்ட்ரோம் என்னும் நிலை இருப்பதற்கான வாய்ப்பு வழமையிலும் கூடுதலாக உள்ளதென அதில் எழுதப்பட்டிருக்கிறது. அன்றிரவு அந்த வீட்டில் எவருக்கும் உறக்கமில்லை. கணவன் காகிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான். மாமியார் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார். தாயோ தான் செய்த பிழை என்னவென்று தேடித் தவிக்கிறாள்.

இப்படித் தவித்த பெற்றோருக்காகவே தம் வாழ்நாளைச் செலவிட்ட வைத்தியர் ஒருவர் பிரான்ஸ் தேசத்தில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜெரோம் லெஜூன். இந்நிலையின் காரணத்தை உலகுக்கு அறிவித்த மூவரில் அவரும் ஒருவர். அந்த அறிவே பின்னர் அவருடைய நெஞ்சில் முள்ளாகவும் தைத்தது. அவருடைய வாழ்க்கை இன்றைய பெற்றோருக்கும் துணையாகும்.

கிராமத்து வைத்தியராக விரும்பியவர்

லெஜூன் 1926ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆந் திகதி பாரிஸ் நகரையடுத்த மொன்ரூஜ் என்னுமிடத்தில் பிறந்தார். சிறுவனாயிருந்தபோது, ஏழைகளுக்கு உதவும் கிராமத்து வைத்தியர் ஒருவரைப் பற்றிப் பால்சாக் எழுதிய நாவலை வாசித்தார். தாமும் அப்படி ஒரு வைத்தியராக வேண்டுமென்ற ஆசை அவர் மனதில் வேரூன்றியது. 1951இல் வைத்தியப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு டென்மார்க் தேசத்துப் பெண்ணான பீர்த்தே என்பவரைக் கைப்பிடித்தார். ஆண்டவர் அவர்களுக்கு ஐந்து பிள்ளைகளைக் கொடுத்தார்.

கிராமத்துக்குப் போக எண்ணியிருந்தவரைப் பேராசிரியர் ரெமோன் துர்ப்பன் தம்மிடம் அழைத்துக்கொண்டார். டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளை ஆராயும் பணி அவருக்குக் கிடைத்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர் டவுண் என்பவர் 1866இல் இந்நிலையை விவரித்திருந்தார். ஆனால் அது ஏன் வருகிறதென எவரும் அறியவில்லை. காரணம் தெரியாதவிடத்துப் பழி பெற்றோர் மீது விழுந்தது. தாயின் ஒழுக்கத்தையும் தந்தையின் குடியையும் குடும்பத்தின் பரம்பரையையும் ஊர் சந்தேகித்தது. பிள்ளையை வெளியே காட்டக் கூசி வீட்டினுள் மறைத்து வளர்த்த குடும்பங்கள் பல. விடுதிகளில் விட்டுவிட்டு மறந்துபோனோரும் உண்டு.

நாற்பத்தேழாவது நிறமூர்த்தம்

மனித உடலின் ஒவ்வொரு கலத்திலும் 46 நிறமூர்த்தங்கள் உண்டென்பது 1956இலேதான் சுவீடனில் செய்யப்பட்ட ஆய்வொன்றின் மூலம் உறுதியாயிற்று. அவை 23 சோடிகளாக அமைந்துள்ளன. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வரும் பரம்பரைக் குணங்களைச் சுமப்பவை இவையே.

அவ்வேளை பாரிஸ் நகரின் துரூசோ வைத்தியசாலையில் மார்த் கோத்தியே என்னும் பெண் வைத்தியர், அமெரிக்காவிற் கற்றுவந்த முறைப்படி மனிதக் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்து வந்தார். வசதிகள் மிகக் குறைவு. கலங்களுக்கு ஊட்டுவதற்காகத் தமது இரத்தத்தையே எடுத்துப் பயன்படுத்தினார். அவர் ஆயத்தம் செய்த கலங்களில் ஒரு நிறமூர்த்தம் கூடுதலாகத் தென்பட்டது. அதைப் படம் பிடிக்கும் வசதி அவரிடம் இருக்கவில்லை. லெஜூன் அவற்றை எடுத்துச் சென்று படம் பிடித்து ஆராய்ந்தார். 21ஆம் சோடியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று நிறமூர்த்தங்கள் இருந்தன. மொத்தம் 47.

1959ஆம் ஆண்டு ஜனவரியில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்துக்கு இந்த முடிவு சமர்ப்பிக்கப்பட்டது. கட்டுரையில் லெஜூனின் பெயர் முதலாவதாகவும் கோத்தியேயின் பெயர் இரண்டாவதாகவும் துர்ப்பனின் பெயர் மூன்றாவதாகவும் இடம்பெற்றன. புகழ் லெஜூனைச் சேர்ந்தது. கோத்தியேயின் பங்கு நெடுங்காலம் மறைந்து கிடந்தது. 2014இல் பிரான்சின் வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒழுக்கவியற் குழு இதனைச் சுட்டிக்காட்டியது. 2022இல் தமது 96ஆவது வயதிற் காலமான அந்த அம்மையாரின் உழைப்பையும் நன்றியோடு நினைப்பது நீதியாகும்.

இக்கண்டுபிடிப்பால் பெற்றோருக்குக் கிடைத்த விடுதலை பெரிது. மேலதிக நிறமூர்த்தம் பெரும்பாலும் தற்செயலாக நேர்வது. தாய் உண்ட உணவோ, தூக்கிய பாரமோ, கண்ட கனவோ, முன்னோர் செய்த பாவமோ அதற்குக் காரணமல்ல. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பும் கூடுகிறது என்பது உண்மை. ஆயினும் இளந் தாய்மாருக்கும் இத்தகைய பிள்ளைகள் பிறக்கின்றன. தலைமுறை தலைமுறையாகப் பெற்றோர் சுமந்த பழியை அந்தச் சிறு படம் இறக்கி வைத்தது.

விருதுகளும் ஒரு வேதனையும்

1962இல் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கரங்களால் லெஜூன் பரிசு பெற்றார். 1963இல், பூனைக்குட்டியின் குரல்போல் குழந்தை அழும் மற்றொரு நோய்க்கு 5ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதி இல்லாமற் போவதே காரணமென அவரும் தோழர்களும் கண்டனர். அடுத்த ஆண்டு பாரிஸ் வைத்திய பீடத்தில் அடிப்படைப் பிறப்புரிமையியலின் முதற் பேராசிரியரானார்.

காரணம் தெரிந்தால் மருந்தும் கிடைக்குமென்று அவர் நம்பினார். ஆனால் மருந்து வருமுன்னே வேறொன்று வந்தது. 1960களின் பிற்பகுதியில், கர்ப்பிணித் தாயின் பனிக்குட நீரை ஊசியால் எடுத்து, குழந்தையின் நிறமூர்த்தங்களைப் பிறக்குமுன்னரே எண்ணும் முறை உருவாயிற்று. மேலதிக நிறமூர்த்தம் உள்ள குழந்தையைப் பிறக்கவிடாது தடுக்கலாம் என்ற பேச்சும் உடன் எழுந்தது. பிள்ளைகளைக் குணமாக்கத் தேடிய அறிவு அவர்களைத் தேடிப் பிடித்து நீக்கும் கருவியாவதை லெஜூன் கண்டார்.

1970ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் இவ்விடயம் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் விவாதிக்கப்பட்டது. மறுநாள் டவுண் சின்ட்ரோம் உள்ள சிறுவன் ஒருவன் அழுதுகொண்டே அவரிடம் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டானாம். தன்னைப் போன்றவர்களைக் கொல்லப் பார்க்கிறார்களென்றும், தங்களுக்குப் பேசத் தெரியாதபடியால் அவர்தான் தங்களுக்காகப் பேச வேண்டுமென்றும் கேட்டானாம். இதை அவர் குடும்பத்தார் சொல்லி வந்தனர்.

அவர் முன்னரே பேசத் தொடங்கியிருந்தார். 1969இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறப்புரிமையியலாளரின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான வில்லியம் அலன் விருதைப் பெற்றபோது, சக விஞ்ஞானிகள் முன்னிலையில், பிறவாத குழந்தையும் நம்முள் ஒருவரே என்று வெளிப்படையாகச் சொன்னார். சபை குளிர்ந்து போயிற்று. இனி நோபல் பரிசு தமக்குக் கிடைக்காதென அவர் உணர்ந்தார். பின்வந்த ஆண்டுகளில் அவருக்கெதிரான வாசகங்கள் சுவர்களில் எழுதப்பட்டன. ஆராய்ச்சிக்கு நிதி கிடைப்பதும் கடினமாயிற்று. தம்மை எதிர்த்தவர்களை அவர் வெறுக்கவில்லை.

நெக்கேர் வைத்தியசாலையில்

மேடையிற் பேசியதிலும் பார்க்க, வைத்தியசாலையிற் பெற்றோரோடு இருந்ததே அவருடைய பெரிய பணி. பாரிஸ் நெக்கேர் வைத்தியசாலையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அவர் பராமரித்தார். அதிர்ச்சியோடு வரும் பெற்றோரை அவசரப்படுத்தமாட்டார். முதலில் குழந்தையின் பெயரைக் கேட்பார். பெயர் சொல்லி அழைத்து மடியில் வைத்துக்கொள்வார். அதன் பிறகே நோயைப் பற்றிய பேச்சு. நோய் வேறு, பிள்ளை வேறு என்பதைப் பெற்றோர் அந்நேரமே கண்ணாற் கண்டனர். வருத்தத்தை அவர் மறைத்துப் பேசியதில்லை. பிள்ளை மெதுவாகவே கற்கும் என்பதையும், இருதயக் கோளாறுகள் வரக்கூடும் என்பதையும் தெளிவாகச் சொல்வார். ஆனால் எவரையும் தனியே விட்டுவிடமாட்டார்.

1981 மே 13ஆந் திகதி பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் சுடப்பட்ட நாளில், நண்பகல் உணவுக்கு அவரோடு அமர்ந்திருந்தவர்கள் லெஜூன் தம்பதியர். 1994 பெப்ரவரியில் பாப்பரசர் உயிருக்கான திருப்பீடக் கழகத்தை நிறுவி, லெஜூனை அதன் முதல் தலைவராக்கினார். சுவாசப்பைப் புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்த அவர் சில வாரங்களே அப்பதவியில் இருந்தார். தமது பிள்ளைகளைக் குணமாக்கும் மருந்தைக் காணாமற் போகிறோமே என்பதே கடைசிவரை அவருடைய கவலை. 1994 ஏப்ரல் 3ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அவர் உயிர் பிரிந்தது. 1997இல் பாப்பரசர் அவர் கல்லறைக்குச் சென்று செபித்தார். 2021இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார்.

இன்றைய பெற்றோருக்கு

லெஜூன் மறைந்த பின்னர் பரிசோதனைகள் பெருகிவிட்டன. 11 முதல் 14 வாரங்களுக்குள் குழந்தையின் கழுத்தின் பின்புறத்தை ஸ்கான் மூலம் அளக்கிறார்கள். 2011 முதல், தாயின் இரத்தத்தில் கலந்துள்ள கருவின் மரபுப்பொருளையும் சோதிக்கிறார்கள். ஆனால் இவை யாவும் வாய்ப்பை மட்டுமே கூறும், நிச்சயத்தைக் கூறமாட்டா. 200இல் 1 என்று முடிவு வந்தால், அத்தகைய 200 தாய்மாரில் 199 பேரின் குழந்தைகளுக்கு அந்நிலை இல்லை என்பதே பொருள். நிச்சயமாக அறிய வேண்டுமாயின் பனிக்குட நீரைச் சோதிக்க வேண்டும். அதனாற் கரு கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு. ஆகவே, செய்வதா விடுவதா என்பதைக் கணவனும் மனைவியும் வைத்தியரோடு ஆறுதலாக இருந்து பேசித் தீர்மானிக்கலாம்.

அந்நிலை இருப்பது உறுதியானாலும் ஆயத்தமாவதற்குக் காலம் கிடைக்கிறது. இத்தகைய குழந்தைகளில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு இருதயக் கோளாறு உண்டு. முன்னரே ஸ்கான் மூலம் கண்டுகொண்டால், தகுந்த வசதியுள்ள வைத்தியசாலையிற் பிரசவத்துக்கு ஒழுங்கு செய்யலாம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இத்தகையோரின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகளாக இருந்தது. இருதய சத்திரசிகிச்சையாலும் அக்கறையான பராமரிப்பாலும் இன்று அது 60 ஆண்டுகளை எட்டியுள்ளது.

அந்தக் காகிதத்தைக் கண்டு அழும் தாயைக் கடிந்துகொள்ள வேண்டாம். அழுவது விசுவாசக் குறைவன்று. ஒலிவ மலையில் நமதாண்டவரே கலங்கினார். உறவினர் செய்யத்தக்கது, குற்றம் தேடாமல் அருகிலிருப்பது. இப்படியொரு பிள்ளையை வளர்க்கும் குடும்பம் பங்கிலிருந்தால் அவர்களிடம் கூட்டிச் செல்லுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஆறுதலை அந்த வீட்டில் அவள் காண்பாள்.

லெஜூனின் அடக்கத் திருப்பலியில் டவுண் சின்ட்ரோம் உள்ள ஒருவர் தாமாகவே முன்வந்து, தம் தாய் தந்தையருக்கு அவர் செய்தவற்றுக்காக நன்றி கூறினார். அவராலேயே தாம் தாமாயிருப்பதிற் பெருமை கொள்வதாகவும் சொன்னார். வைத்தியர் அந்த மனிதருடைய நோயைக் குணமாக்கவில்லை. அவரைப் பெயர் சொல்லி அழைத்தார், பெற்றோரைத் தாங்கினார். அந்த உதவியைச் செய்ய நமக்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை.