தோட்டக்காரர் எழுப்பிய கண்ணாடி மாளிகை

கட்டடக் கலை பயின்று பட்டம் பெற்றவர்களே மாளிகைகளை எழுப்ப வல்லவர்கள் என்று நாம் எண்ணுகிறோம். அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியவர் ஜோசப் பாக்ஸ்டன். இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுஷயர் பகுதியில் 1803ஆம் ஆண்டு எளிய உழவர் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே தோட்ட வேலைக்குச் சென்றவர். எங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த எனக்கு, அவ்வாயிலையே காணாத இவர் வரலாறு பெருவியப்பை அளித்தது.

செல்வரான டெவன்ஷயர் கோமகன், 1826இல் தம் சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரராக அவரை அமர்த்தினார். அப்போது அவருக்கு வயது 22. விடியுமுன்னே வந்து சேர்ந்தவர், கதவு திறக்கும்வரை காத்திராமல் மதிலேறிக் குதித்து, தோட்டம் முழுவதும் சுற்றிப் பார்த்து, ஆட்களை வேலைக்கும் ஏவிவிட்டாராம். அன்று காலைச் சிற்றுண்டியின்போது சந்தித்த சாராவையே மறு ஆண்டு மணந்தார்!

தென் அமெரிக்க ஆறுகளில் வளரும் பேரல்லி 1849இல் அவர் கைப்பட வளர்ந்து பூத்தது. அதன் இலைமேல் தம் சிறு மகளை நிற்க வைத்தார், இலை தாங்கிற்று. அடிப்புறத்தில் விலா எலும்புகளைப் போல் பரவிக் குறுக்கே பிணைந்த நரம்புகளே அவ்வலிமைக்குக் காரணம். மெல்லிய சட்டங்களால் பெரும் பரப்பைத் தாங்கும் வித்தையை அங்கே கண்டுகொண்டார்.

1851இல் லண்டன் ஹைடு பூங்காவில் உலகப் பொருட்காட்சி நடத்தத் திட்டமிட்டனர். கட்டடத்திற்கு வந்த 245 வரைபடங்களும் தேறவில்லை. குழுவினர் தாமே வரைந்ததோ கோடிக்கு மேற்பட்ட செங்கற்களை விழுங்கும் திட்டம். பூங்கா பாழாகுமே என்று மக்கள் கொதித்தனர். ஓர் இரயில்வே கூட்டத்தில் அமர்ந்திருந்த பாக்ஸ்டன், மையொற்றும் தாளில் ஒரு படம் கிறுக்கினார். இரும்பு, மரம், கண்ணாடி, இவ்வளவே. கிடைமட்டப் பேரளவுகள் 24 அடியின் மடங்குகள். தூண்கள் உள்ளீடற்றவை, மழைநீர் அவற்றின் வழியே இறங்கும். பணியிடத்தைச் சுற்றி வேலி அடைத்த பலகைகளே பின்னர்த் தரைப் பலகைகளாயின.

ஒப்பந்தக்காரர் கேட்ட விலையைப் பாருங்கள். கட்டடத்தை விலைக்கே வாங்குவதாயின் 1,50,000 பவுன். காட்சி முடிந்தபின் பொருள்களைத் தாமே திரும்ப எடுத்துக்கொள்வதாயின் 79,800 பவுன். பிரித்தெடுக்க முடியும் என்பதாலேயே விலை ஏறக்குறைய பாதியாயிற்று! சுழற்சிப் பொருளாதாரம் என்று இன்று நாம் பேசும் கருத்து அன்றே கணக்கேட்டில் ஏறிவிட்டது.

என் தந்தையார் கொத்தனார். சுண்ணாம்பில் கட்டிய பழஞ்சுவரை இடித்தால் செங்கல் முழுதாக வரும், சிமெண்டில் கட்டியது உடைந்தே வரும் என்பார். அதன் பொருளை நான் உணர்ந்தது பாக்ஸ்டனைப் படித்த பிறகுதான்.

1851 மே முதல் நாள் திறந்த காட்சியை அறுபது இலட்சம் பேர் கண்டனர். அவ்வாண்டே பாக்ஸ்டனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. காட்சி முடிந்ததும், அவர் முன்னின்று அமைத்த கம்பெனி 70,000 பவுனுக்கு மாளிகையை வாங்கி, கழற்றி, சிட்னம் குன்றுக்குக் கொண்டுபோய் முன்னிலும் பெரிதாக எழுப்பியது. ஆசைதான் அங்கே அளவு மீறியது. செலவு பதின்மூன்று இலட்சம் பவுனைத் தொட்டு, கடன் கம்பெனியை விடாது வாட்டியது. 1853இல் சாரம் சரிந்து பன்னிரண்டு தொழிலாளர்கள் மாண்டனர். மாளிகையின் புகழ் பேசுவோர் இவர்களையும் நினைக்க வேண்டும்.

1854இல் சிட்னம் மாளிகை திறக்கப்பெற்றது. அவ்வாண்டு முதல் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய பாக்ஸ்டன் 1865இல் மறைந்தார். சாட்ஸ்வொர்த்தில் அவர் நிலையாக நிற்கவென்று கட்டிய பெருங்கண்ணாடிக் கூடத்தை 1920இல் வெடி வைத்துத் தகர்த்தனர். சில மாதங்களுக்கென்று எழுப்பிய மாளிகையோ, இடம் மாறியும் 1936 நவம்பர் 30 இரவு தீப்பற்றும்வரை நின்றது. சிட்னம் குன்றில் இன்று அதன் படிக்கட்டுகளும் மேடைகளும் எஞ்சியிருக்கின்றன.