பெயர் ஒன்று, ஆள் வேறு: உஸ்தாத் படே குலாம் அலி கான்

நம் ஜமாஅத்தில் முகம்மது இபுராஹீம் என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவேதான் ஊர்ப்பெயரும் கடைப்பெயரும் தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் சேர்த்துச் சொல்கிறோம். இல்லாவிட்டால் ஒருவர் வாங்கிய சரக்கு மற்றொருவர் பற்றில் ஏறிவிடும். சங்கீத உலகத்திலும் இந்தச் சங்கடம் உண்டு. குலாம் அலி என்ற பெயரில் பேர்பெற்ற பாடகர்கள் மூவர். ஒருவர் பாட்டைக் கேட்டுவிட்டு மற்றவரைப் புகழ்கிறவர்களை நாம் அடிக்கடி காண்கிறோம். மூவரில் மூத்தவரின் சரிதையை இங்கே எழுதுகிறோம். சங்கீதம் கூடுமா கூடாதா என்ற வாதத்துக்குள் நாம் நுழையவில்லை. அதற்குரிய இல்மும் நமக்கில்லை.

பாபா புல்லே ஷா அவர்கள் அடங்கியிருக்கும் பஞ்சாபின் கசூர் நகரில் 1902ஆம் ஆண்டு குலாம் அலி கான் அவர்கள் பிறந்தார்கள். தகப்பனார் அலி பக்ஷ் கான் பாடகர். சிறிய தகப்பனார் காலே கானிடம் சிறுவயதிலேயே பாடம் தொடங்கிற்று. ஆரம்பத்தில் சாரங்கி வாசித்துப் பிழைத்த காலமும் உண்டு. அந்நாளில் சாரங்கிக்காரருக்குப் பாடகருக்குப் பின்னால்தான் இடம். அங்கிருந்து முன்னால் வந்து, பட்டியாலா கரானாவின் தலையாய பாடகரானார்கள்.

அதே கசூரில், வேறு குடும்பத்தில், வயதில் இளைய இன்னொரு குலாம் அலி கான் பாட வந்தார். ஆகவே மூத்தவர் ‘படே’, அதாவது பெரியவர். இளையவர் ‘சோட்டே’, அதாவது சின்னவர் என்றாயிற்று. பெருத்த தேகமும் அடர்ந்த மீசையும் உடையவராதலால் அந்த உருவத்துக்கு வைத்த பட்டம் என்றே பலர் நினைத்தார்கள். கையில் சுவரமண்டலை வைத்து மீட்டிக்கொண்டு பாடுவார்கள். அந்த உருவத்திலிருந்து வரும் குரலோ வழவழப்பானது. மூன்று ஸ்தாயியிலும் தடையில்லாமல் ஓடும். தமிழகத்தின் சங்கீத வித்வான் ஜி. என். பாலசுப்பிரமணியம் அந்தக் குரலுக்குப் பெரிய ரசிகர்.

1947இல் நாடு பிரிந்தபோது கசூர் பாகிஸ்தானுக்குப் போயிற்று. படே அவர்களுக்கு அப்போது வயது 45. சொந்த ஊர் ஒரு நாட்டில், பாட்டைக் கேட்டு வளர்த்த பம்பாயும் கல்கத்தாவும் வேறொரு நாட்டில். சிறிது காலம் அங்கிருந்துவிட்டு இந்தியாவுக்கே திரும்ப விரும்பினார்கள். மொரார்ஜி தேசாய் அவர்கள் உதவி செய்ய, 1957இல் இந்தியக் குடியுரிமை கிடைத்தது. பாடகராகவே இருந்த தம்பி பர்க்கத் அலி கான் லாகூரிலேயே தங்கிவிட்டார். சோட்டே குலாம் அலி அவர்களும் லாகூரிலிருந்து மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கடலுக்கு இந்தப் பக்கம் கடையும் அந்தப் பக்கம் குடும்பமுமாக இருந்த நம்மவர்களுக்கு இதன் பாரத்தை விளக்க வேண்டியதில்லை.

வியாபாரிகளுக்குப் பிடித்த ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுவோம். ‘முகலே ஆஸம்’ படத்தில் அக்பர் தர்பாரின் தான்சேனுக்குக் குரல் தர வேண்டும் என்று இயக்குநர் கே. ஆஸிப்பும் சங்கீத டைரக்டர் நௌஷாதும் வந்து கேட்டார்கள். சினிமாவுக்குப் பாடுவதில் படே அவர்களுக்கு இஷ்டமில்லை. முகத்துக்கு நேரே மறுக்காமல், வந்தவர்கள் தாமாகவே எழுந்து போகட்டும் என்று ஒரு பாட்டுக்கு 25,000 ரூபாய் விலை சொன்னார்கள். பெயர்பெற்ற சினிமாப் பாடகர்களே ஒரு பாட்டுக்கு 500 ரூபாய்க்குக் குறைவாக வாங்கிய காலம் அது. ஆஸிப்போ பேரம் பேசவில்லை. சரி என்று முன்பணத்தையும் கொடுத்துவிட்டார். கொள்ளாத சரக்குக்குக் கூடுதல் விலை சொல்லி அகப்பட்டுக்கொள்வது நம் கடைத்தெருவிலும் நடப்பதுதானே! வாக்குக் கொடுத்தபடி இரண்டு பாட்டுகள் பாடினார்கள். 1960இல் படம் வெளிவந்தது. மறு ஆண்டு ‘அக்பர்’ என்று தமிழிலும் வந்தது.

1962இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. கடைசி ஆண்டுகளில் பக்கவாதம் தாக்கியது. தேறிவந்து, மகன் முனவ்வர் அலி கான் துணையிருக்க, மறுபடியும் மேடையில் பாடினார்கள். 1968 ஏப்ரலில் ஹைதராபாத் பஷீர்பாக் மாளிகையில் வபாத்தானார்கள். அடக்கமும் அந்நகரில்தான்.

மூன்றாவது குலாம் அலி கஜல் பாடகர். 1940இல் சியால்கோட் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் படே அவர்களின் பாட்டில் மனம் பறிகொடுத்தவர். ஆகவே பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தார். பையன் வளர்ந்ததும் படே அவர்களிடமே கொண்டுபோய் விட்டார். ஊர் ஊராகப் பாடச் செல்பவர் உட்கார்ந்து பாடம் சொல்ல நேரமேது? தம்பிமார் பர்க்கத் அலி, முபாரக் அலி, அமானத் அலி ஆகிய மூவருமே பெரும்பாலும் கற்பித்தார்கள். (இந்த அமானத் அலி வேறு, பத்தே அலியுடன் சேர்ந்து பாடிப் புகழ்பெற்ற அமானத் அலி வேறு. அதைத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.)

‘நிக்காஹ்’ படத்தில் வரும் கஜலைக் கேட்டுவிட்டு, படே குலாம் அலி எப்படிப் பாடியிருக்கிறார் பாருங்கள் என்று நம்மிடம் சொன்னவர்கள் சிலர் உண்டு. அதைப் பாடியவர் மூன்றாமவர். படம் வெளிவந்தது 1982இல். படே அவர்கள் ஹைதராபாத் மண்ணில் அடங்கி அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.