கரிவரதன்: மாருதி 800 இன்ஜினை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோன கோவைக்காரர்

பெங்களூருவில் சின்னதாக, ஸ்போர்ட்டியாக ஒரு கார் வாங்க நினைக்கிறீர்களா? டர்போவா, சாதா பெட்ரோலா? மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? ஷோரூமுக்குப் போனாலே தலை சுத்தும். முடிவெடுக்கும் முன்னால், கோவைக்காரர் எஸ். கரிவரதனைத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் இவர்?

1954-ல் பிறந்தவர். லட்சுமி மில்ஸ் குடும்பம். சென்னைக்கு அருகே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் கார் ஓட்டியவர். அன்றைக்கு ரேஸிங் என்றால் பெரும்பாலும் வசதியானவர்களின் பொழுதுபோக்கு. திறமை மட்டும் இருக்கிற பையனுக்கு உள்ளே நுழைய வழியே இல்லை.

என்ன செய்தார்?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் சுமார் 40 குதிரைத்திறன்தான் தரும். கூடவே 4 கியர் மேனுவல் பெட்டி. 80-களின் கடைசியில் கரிவரதன் இதையே எடுத்து, ஒற்றை இருக்கை ரேஸ் காரில், ஓட்டுநருக்குப் பின்னால் பொருத்தினார். அதுதான் ஃபார்முலா மாருதி.

இவ்வளவு சின்ன இன்ஜின் போதுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 650 கிலோ காருக்கு 40 குதிரைத்திறன் என்றால், டன்னுக்குச் சுமார் 60. அதே காரில் 200 கிலோ குறைத்தால், இன்ஜினைத் தொடாமலேயே கிட்டத்தட்ட 90. கதவு, பின்சீட்டு, கூரை எதுவும் இல்லாத ரேஸ் காருக்கு இதுதான் பலம். உதிரிபாகமும் ஊர் ஊருக்குக் கிடைக்கும், செலவு குறையும்.

இன்னொன்றும் முக்கியம். எல்லோருக்கும் ஒரே இன்ஜின், ஒரே கியர்பாக்ஸ். அப்படியானால் நேர வித்தியாசத்துக்குப் பெரும்பாலும் காரணம் யார்? ஓட்டுபவர்தான். பணத்தைக் கழித்துவிட்டுத் திறமையை அளக்கும் ஏற்பாடு அது.

பலன் கிடைத்ததா?

கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில்தான் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். 2005-ல் ஃபார்முலா 1-ல் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதைப் பார்க்க கரிவரதன் இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார், வயது 41. கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் டிராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

சரி, உங்களுக்கு இதில் என்ன?

குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீங்க. எடையால் வகுத்துப் பாருங்க. தினமும் சில்க் போர்டு நெரிசல் என்றால் கிளட்ச் மிதித்தே கால் வலிக்கும், ஆட்டோமேட்டிக் நல்லது. ஏஎம்டி விலை குறைவு, ஆனால் உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான்; மாற்றுவது மோட்டார். அதனால் சின்ன இழுபறி இருக்கும். இரட்டை கிளட்ச் சட்டென்று மாறும், விலையும் கூடும். வார இறுதியில் நந்தி மலை ஏறுவதுதான் சந்தோஷம் என்றால், லேசான காரும் மேனுவலும் போதும்.